பொன் தேடப் போனவர்

நோட்டன் பிரிட்ஜுக்கு வருவோர் அணைக்கட்டைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். அங்குள்ள மின்நிலையத்துக்கு விமலசுரேந்திர என்று ஏன் பெயர் வந்தது என்று கேட்போர் குறைவு. தன் கணக்கு சரியென்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் சொல்லிக்கொண்டே இருந்த ஒரு மனிதரின் பெயர் அது.

டி. ஜே. விமலசுரேந்திர 1874இல் காலியில் பிறந்தவர். பொதுவேலைத் திணைக்களப் பொறியியலாளர். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயாப் பள்ளத்தாக்குகளில் பொன் இருக்கிறதா என்று பார்த்துவர அவரை அனுப்பினார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியோர் சொல்வர். அவர் கண்ணில் பட்டவையோ அபர்டீன், லக்சபான நீர்வீழ்ச்சிகள். பொன்னைக் கண்டிருந்தால் அன்றே பெயரும் பதவியும் வந்திருக்கும். நீரைக் கண்டவரின் பாடு வேறு.

1912இல் நானுஓயாவுக்கு அப்பால் பிளக்பூலில் சிறியதொரு நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியாவுக்கு வெளிச்சம் கொடுத்தார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் வாசித்த கட்டுரையில், இந்த மலையாறுகளின் வலுவை வைத்தே நாட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். வெள்ளைக்கார மேலதிகாரிகளுக்கு அது பகற்கனவு. சுதேசி உத்தியோகத்தர் ஒருவர் மேலிடத்துக்குப் பிடிக்காத கணக்கைச் சொல்வது அக்காலத்தில் சின்ன விஷயமல்ல. பேசாதிருந்தால் மரியாதைக்குக் குறைவிருந்திராது. 1924இல் தொடங்கிய வேலையும் நின்றுபோயிற்று. உத்தியோகம் முடிந்த பிறகாவது ஓய்ந்தாரா? 1931இல் இரத்தினபுரியில் நின்று வென்று, அரசாங்க சபைக்குள்ளேயே அந்தக் கணக்கைக் கொண்டுபோனார். 1938இல் வேலை மறுபடி தொடங்கியது, யுத்தம் குறுக்கிட்டது, 1950இல்தான் லக்சபான மின்சாரம் ஓடியது. 1953இல் அவர் காலமானார்.

அவர்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் அவரை ‘நாட்டுக்கு ஒளி தந்தவர்’ என்று பாடப்புத்தகப் பாணியில் எழுதும்போது என் பேனா தயங்குகிறது. ‘ஹக்’ என்ற அரபுச் சொல்லுக்கு உண்மை என்றும் பொருள், உரிமை என்றும் பொருள். ஒன்றை எழுதும்போது மற்றதையும் கேட்கத்தான் வேண்டும்.

இந்த மலைகளில் தேயிலை பறித்தோரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பறித்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. அதற்கடுத்த ஆண்டு, அதே மக்களின் தலைக்கு மேலாகக் கம்பிகளில் மின்சாரம் கொழும்புக்குப் போனது. விமலசுரேந்திரவுக்காவது வாதாட ஒரு சபை இருந்தது. இவர்களுக்கு வாக்குச்சீட்டுக்கூட இல்லை. இதைச் சொல்வதால் அவர் சிறுத்துவிடமாட்டார். மறைத்தால் நமது வரலாறுதான் சிறுத்துவிடும்.

நோட்டன் பிரிட்ஜில் அவர் பெயர் தாங்கிய மின்நிலையம் 1965இல் இயங்கத் தொடங்கியது. தோட்டத்து லயங்களில் அப்போதும், அதற்குப் பின் நெடுங்காலமும், பிள்ளைகள் குப்பி விளக்கில்தான் படித்தார்கள்.