தரங்கம்பாடியில் ஒரு சிறைவாசம்

தெற்கு பிரான்சில் மாஸ் சூபெய்ரான்னு ஒரு குக்கிராமம். 1685-ல் பதினான்காம் லூயி புராட்டஸ்டண்ட் மதத்தைத் தடை செஞ்சப்போ, ஹ்யூகனாட்டுகள் மலையிலும் காட்டிலும் ஒளிஞ்சு ஜெபம் பண்ணினாங்க. அந்தக் கதையைச் சொல்ல 1911-லேர்ந்து அங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கு. அடிச்சது கத்தோலிக்க ராஜா, அடிபட்டது புராட்டஸ்டண்டுகள். கணக்கு நேரா இருக்கு.

நம்ம ஊர்க் கதை அவ்வளவு நேர் இல்லைங்க. அதைப் பார்க்கத்தான் ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு, தாம்பரத்துல ராத்திரி ரயில் ஏறினேன். மயிலாடுதுறையில் இறங்கி, ஒரு டீ குடிச்சிட்டு, பஸ் பிடிச்சா தரங்கம்பாடி.

அங்கே சீகன்பால்க் இல்லம் 2017-லேர்ந்து அருங்காட்சியகமா இருக்கு. ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃப்ராங்கே அறக்கட்டளையின் முயற்சியில் சீரமைச்ச வீடு. டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரடெரிக் அனுப்பி, 1706 ஜூலை 9-ம் தேதி சீகன்பால்கும் புளூட்சோவும் இங்கே வந்து இறங்கினாங்க. ராஜா லுத்தரன். வந்த ரெண்டு பேரும் லுத்தரன். கோட்டையில் இருந்த டேனிஷ் கம்பெனி கமாண்டர் ஹாசியஸும் அதே சபைதான். அப்புறம் என்ன பிரச்சினைன்னு கேட்கறீங்களா?

பிரச்சினை வியாபாரம். பாதிரிமார் ஏழைகளோடயும் அடிமைகளோடயும் பழகினா ஊர் கலையும், வரும்படி கெடும்னு கம்பெனிக்குப் பயம். 1707 மே மாசம் முதல்ல ஞானஸ்நானம் வாங்கின ஐந்து பேருமே அடிமைகள். அடுத்த வருஷம் இன்னொண்ணு. முடிதிருத்தும் தொழிலாளி ஒருத்தர் இறந்துபோக, அவர் மனைவிக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளரா இருந்த ஒருத்தருக்கும் கடன் தகராறு. அந்த விதவைக்காகச் சீகன்பால்க் திரும்பத் திரும்பப் பேசினார். ஹாசியஸ் அவரைப் பிடிச்சு டான்ஸ்போர்க் கோட்டையில் அடைச்சுட்டார். 1708 நவம்பர்லேர்ந்து நாலு மாசம்.

அவர் வெளியே வந்தப்புறம் நடந்தது நமக்கெல்லாம் தெரிஞ்ச கதை. 1712-ல் அச்சு இயந்திரம், 1713-ல் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள். அந்த எழுத்து ரொம்பப் பெரிசு, காகிதமோ பஞ்சம். அதனால சின்ன எழுத்தை இங்கேயே வார்த்தாங்க. 1715-ல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிஞ்சது. ஒரு காலத்துல ஃபான்ட் இறக்கி, கட்டம் கட்டமா தெரியுதேன்னு புலம்பின நமக்கு இந்தக் கஷ்டம் நல்லாவே புரியும் :-)

ஆனா என் மனசுல நின்னவர் வேற ஒருத்தர். அழகப்பன். ஐரோப்பிய மொழிகள் தெரிஞ்ச துபாஷி. சீகன்பால்குக்கு மொழிபெயர்ப்பாளரா இருந்து தமிழ்ப் பழக்கத்துக்கு உதவினவர். கம்பெனி அவரைத் தரங்கம்பாடியை விட்டே துரத்திடுச்சு. தஞ்சாவூர்ப் பக்கம் போனா, நம்ம சமய விஷயத்தையெல்லாம் வெள்ளைக்காரனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்னு அங்கேயும் சிறை. பாதிரியாருக்கு ஒரு சிறைன்னா, அவருக்கு உதவினவருக்கு ரெண்டு தண்டனை. சீகன்பால்குக்கு ஐரோப்பாவிலிருந்து ஆதரவு வரும். அழகப்பனுக்கு யார் கடிதம் எழுதுவா?

சாயங்காலம் புது எருசலேம் ஆலயத்துக்குப் போனேன். 1718-ல் கட்டினது. முகப்புல ராஜாவோட முத்திரை, உள்ளே சீகன்பால்க் கல்லறை. 1719-ல் இறந்தப்போ வயசு 36 தான். அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல அவரை அடைச்சு வச்ச கோட்டை, கடலைப் பார்த்துக்கிட்டு நிக்குது. அதுலயும் இப்ப அருங்காட்சியகம். சிறை வச்ச இடம், சிறைப்பட்டவர் வீடு, ரெண்டுக்கும் நடந்தே போயிட்டு வரலாம்.

ஒடுக்கறவனும் ஒடுக்கப்படறவனும் ஒரே வேதத்தைப் படிக்கலாம், ஒரே ராஜாவுக்குக் கும்பிடு போடலாம். யார் பக்கம் நின்னாங்கன்றதுலதான் வித்தியாசம். ஒரு விதவையோட கடன் வழக்குல அது தெரிஞ்சுபோச்சு. அடுத்த தடவை தரங்கம்பாடி போனா, கோட்டை மேல நின்னு போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி அந்த அம்மாவையும் அழகப்பனையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.