மேற்பார்வையில் வளர்ந்த பிள்ளைகள்: ஸ்ரீரங்கப்பட்டணம் முதல் வேலூர் வரை

ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் மைசூர்த் தமிழர்களாகிய நாம் முதலில் கூட்டிக்கொண்டு போகும் இடம் ஸ்ரீரங்கப்பட்டணம்தான். பெங்களூர் சாலையில் 15 கிலோமீட்டர், அரை நாளில் பார்த்துத் திரும்பிவிடலாம். ஆதிரங்கனைச் சேவிப்போம். என் போன்றவர்கள் கோட்டைக்குள்ளே இருக்கும் ஆதிநாதர் பசதிக்கும் போய் வருவோம். அப்புறம் தரியா தௌலத், கும்பஸ், பெய்லி சிறை, திப்பு விழுந்த இடம். அந்தக் கல்லின் முன்னால் நின்று, "1799 மே 4" என்று பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதோடு நம் சரித்திரம் முடிந்துவிடுகிறது. திப்புவுக்குப் பிள்ளைகள் இருந்தார்களே, அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. விடை நம் தமிழ்நாட்டில், வேலூர்க் கோட்டையில் இருக்கிறது. வட ஆற்காட்டுக்காரனாகிய நான் இந்த ஊரில் கடை வைத்துப் பிழைக்க வந்தவன் என்பதால், இரண்டு கோட்டைகளையும் சேர்த்துப் படிக்கும் ஆசை எனக்கு வந்தது.

கதையை மே 4-லிருந்து தொடங்கினால் பாதிதான் விளங்கும். பிறர் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக் கண்காணிக்கும் பழக்கம் கும்பினியார் வருவதற்கு முன்பே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தது. 1779-இல் ஹைதர் அலி சித்திரதுர்க்கத்தைப் பிடித்தபோது, அங்கிருந்த பேடர் குடிகளை ஆயிரக்கணக்கில் இங்கே கொண்டுவந்து குடியேற்றினார். அவர்களில் சிறுவர்களைப் பிரித்தெடுத்து, மதம் மாற்றி, பயிற்சி கொடுத்து, "சேலா" படை என்று ஒன்றை உண்டாக்கினார். சேலா என்றால் சிஷ்யன். பெயர் என்னவோ மரியாதையானதுதான்! ஆனால் எந்தச் சிஷ்யனும் தானாக வந்து சேர்ந்தவன் இல்லை.

இதில் நம் கடலூருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1782 தொடக்கத்தில் 'ஹானிபல்' என்ற ஆங்கிலக் கப்பலைப் பிரெஞ்சுக் கடற்படை பிடித்தது. கைதிகளைக் கடலூரில் இறக்கி ஹைதர் கையில் ஒப்படைத்துவிட்டார்கள். அதில் ஜேம்ஸ் ஸ்கரி என்ற பதினாறு வயதுப் பையனும் ஒருவன். அவனும் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சேலா படையில் சேர்க்கப்பட்டான். 1784 மங்களூர் உடன்படிக்கையில் கைதிகளை விடவேண்டும் என்று எழுதியிருந்தும், இவனைப் போன்ற இளைஞர்களை விடவில்லை. பத்து வருஷம் கழித்துத் தப்பி ஊர் போய்ச் சேர்ந்தான். அவன் சொன்ன கதை 1824-இல் புத்தகமாக வந்தது. வெள்ளைக்காரன் எழுதியது, மிகைப்படுத்தியிருப்பான் என்று சொல்லுவோர் உண்டு. இருக்கலாம். ஆனால் பிள்ளைகளைப் பிடித்து வைத்தது மிகையல்ல.

இனி சக்கரம் திரும்பிய கதைக்கு வருவோம். 1792 பிப்ரவரியில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டார். திப்பு சமாதானத்துக்கு இறங்கி வந்தார். ராஜ்யத்தில் பாதி, ரூபாய் 3 கோடியே 30 லட்சம், அது தீரும்வரை இரண்டு பிள்ளைகள் பிணை. மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். வியாபாரத்தில் பாக்கிக்கு நிலப்பத்திரம் வைப்பார்கள், நகை வைப்பார்கள். இங்கே பிள்ளையையே வைத்தார்கள். பிப்ரவரி 26 அன்று அப்துல் காலிக், முயிசுத்தீன் என்ற இருவரும் யானைமேல் ஏறி ஆங்கிலேயர் பாளையத்துக்கு வந்தார்கள். மூத்தவனுக்குச் சுமார் பத்து வயது, இளையவனுக்கு எட்டு. கோட்டையிலிருந்து பீரங்கி மரியாதை முழங்கியது. திப்புவின் வக்கீல் குலாம் அலி கான், இனி நீங்கள்தான் இவர்களுக்குத் தகப்பன் என்ற பொருள்பட காரன்வாலிஸிடம் பேசினாராம். அவர் ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார். இந்தக் காட்சியை ராபர்ட் ஹோம், மேதர் பிரவுன் போன்ற ஓவியர்கள் மாற்றி மாற்றி வரைந்தார்கள். பிடுங்கிய பாதி ராஜ்யத்தைவிட, பிள்ளைகளை அன்பாய்த் தொட்ட கைதானே படத்துக்கு அழகு.

இருவரும் சென்னைக்குப் போனார்கள். கேப்டன் டவ்டன் என்பவர் பொறுப்பாளர். 1794 மார்ச்சில் அவரே தேவனஹள்ளிக்குக் கூட்டிவந்து தகப்பனிடம் ஒப்படைத்தார். ஐந்து வருஷம்தான். 1799-இல் கோட்டை விழுந்ததும் அதே டவ்டன் பொறுப்பில் வேலூருக்குப் போனார்கள், இம்முறை குடும்பத்தோடு. இந்தத் தடவை திருப்பிக் கொடுக்கத் தகப்பன் இல்லை.

மைசூரைப் பங்கிட்ட உடன்படிக்கையில் ஹைதர், திப்பு குடும்பங்களின் பராமரிப்புக்கென ஆண்டுக்கு 2 லட்சம் நட்சத்திர வராகனுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்று எழுதினார்கள். வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தால் 7 லட்சம் ரூபாய். சின்னத் தொகை இல்லை. கும்பினி அவர்களைப் பட்டினி போட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நல்ல சாப்பாடு, நல்ல துணி, வேலைக்காரர்கள், கோட்டைக்குள்ளே மகால்கள் எல்லாம் இருந்தன. ஹைதர் மகால், திப்பு மகால் என்று இன்றும் காட்டுகிறார்களே, அவைதான். இல்லாதது ஒன்று, வேலை. மூத்தவர் ஃபதே ஹைதர் 1799 போரில் குதிரைப்படை நடத்தியவர். கோட்டை விழுந்த பிறகே வந்து சரணடைந்தார். அப்படிப்பட்ட ஆளுக்கு வேலூரில் இருந்த ஒரே உத்தியோகம் உபகாரச் சம்பளம் வாங்குவது.

அந்தச் சம்பளத்தைக் கொடுக்க ஓர் அதிகாரியை வைத்தார்கள். 'பேமாஸ்டர்' என்று பெயர். டவ்டனுக்குப் பிறகு அந்த இடத்துக்கு மாரியட் வந்தார். பணம் பட்டுவாடா செய்கிறவரும் அவர்தான், யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்கிறவரும் அவர்தான். கடைக்கணக்குப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே உறுத்தும். கல்லாப்பெட்டிச் சாவியும் காவல்காரன் கம்பும் ஒரே கையில் இருந்தால், சம்பளம் வாங்குகிறவன் உண்மையைப் பேசமாட்டான். கொடுக்கிறவனுக்குக் கணக்கு மட்டும் தெரியும், மனசு தெரியாது. மைசூரிலிருந்து பின்தொடர்ந்து வந்த பழைய சேவகர்களும் அவர்கள் குடும்பங்களும் வேலூர்ப் பேட்டையில் ஆயிரக்கணக்கில் குடியேறினார்கள். அவர்களுக்கும் வேலை இல்லை. ஓர் ஊர் முழுக்க வேலையில்லாத வாலிபர்களை வைத்துக்கொண்டு, அவர்களைக் கவனித்துக்கொள்வதாகச் சர்க்கார் எழுதிவைத்திருந்தது.

அதே கோட்டையில் இன்னொரு கூட்டம் இளைஞர்கள் இருந்தார்கள். சென்னை ராணுவத்தின் சிப்பாய்கள். பெரும்பாலும் நம் சீமையில் பிறந்து வளர்ந்தவர்கள். 1805 நவம்பரில் தலைமைத் தளபதி ஜான் கிராடக்கின் அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை ஒரே அளவு, தோல் கொண்டை வைத்த புதுத் தலைப்பாகை. மேஜையில் உட்கார்ந்து எழுதியவருக்கு இது வெறும் சீருடை விஷயம். போட்டுக்கொள்ள வேண்டியவனுக்கோ, ஜாதியும் மதமும் போகிற விஷயம், ஊரில் பெண் கொடுப்பார்களா என்கிற விஷயம். 1806 மே மாதம் வேலூரில் தலைப்பாகையைப் போடமாட்டோம் என்றவர்களைப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பிக் கசையடி கொடுத்தார்கள். குறை கேட்க வழி இல்லை, தண்டனைக்கு மட்டும் வழி இருந்தது.

இவ்வளவு கண்காணிப்பு இருந்ததே, கலகம் முன்கூட்டித் தெரியவில்லையா என்றால், தெரிந்தது. ஜூன் மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரியிடம் போய்ச் சதி நடக்கிறது என்று சொன்னார். விசாரிக்கும் வேலையை இந்திய அதிகாரிகள் சிலரிடமே விட்டார்கள். அவர்களில் சதியில் இருந்தவர்களும் உண்டு. முஸ்தபா பேக் பைத்தியம் என்று தீர்மானித்து அவரைச் சிறையில் போட்டுவிட்டார்கள். கலகம் முடிந்தபின் கும்பினி அவரைக் கூப்பிட்டு 2,000 வராகன் வெகுமதி கொடுத்தது தனிக்கதை.

ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள் கல்யாணம். அன்று இரவு, விடிந்தால் 10, இரண்டு மணி சுமாருக்குச் சிப்பாய்கள் எழுந்தார்கள். 69-ஆம் ரெஜிமெண்டின் வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கு மேற்பட்டோர், கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் உட்படப் பல அதிகாரிகள் இறந்தார்கள். திப்புவின் கொடி ஏறியது. ஃபதே ஹைதரைத் தலைமை ஏற்க அழைத்தார்கள். அவர் ஏற்கவில்லை. ஏழு வருஷம் ஒரு முடிவும் சொந்தமாக எடுக்க விடாமல் வைத்திருந்தவரிடம், ஒரே ராத்திரியில் ராஜ்யத்தைக் கொடுத்தால் எப்படி எடுப்பார்? இது என் அபிப்பிராயம். பயம் என்பாரும் உண்டு, விவேகம் என்பாரும் உண்டு. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு காலையில் வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்தார். இறந்த நம் சிப்பாய்கள் சுமார் 350 பேர். பிடித்தவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதும் அதில் அடக்கம்.

விசாரணைக் கமிஷன் இரண்டு காரணம் சொன்னது. ஒன்று, உடை உத்தரவு. இரண்டு, திப்பு குடும்பம் வேலூரில் இருந்தது. உத்தரவு ரத்தானது. கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் கிராடக்கையும் 1807-இல் சீமைக்குத் திருப்பி அழைத்தார்கள். இரண்டாவது காரணத்துக்கு, இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். சந்தேகத்துக்கு ஆளானவர்களில் முயிசுத்தீனும் ஒருவர். எட்டு வயதில் தங்கக் கடிகாரம் வாங்கிய அதே பிள்ளை. அப்போது அவருக்கு இருபத்திரண்டு இருக்கும். பிறந்த ஊரில் இருந்த காலத்தைவிடப் பிறர் காவலில் இருந்த காலம்தான் அவர் நினைவில் அதிகம் நின்றிருக்கும்.

வாலிபர்கள் கூடினாலே சந்தேகப்படும் இந்தக் குணம் வேலூரோடு போகவில்லை. 1907-இல் ராஜமகேந்திரவரத்தில் வந்தே மாதரம் பட்டை அணிந்த மாணவர்களைக் கல்லூரியை விட்டு நீக்கினார்கள். சாரணர் இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது, முதலில் அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்தான். நம் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடவும், கூடாரம் அடிக்கவும், அணிவகுக்கவும் கற்றுக்கொடுத்தால் புரட்சிக்காரர் ஆகிவிடுவார்கள் என்று பயம். அதனால்தான் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் தனியாக இந்தியச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். 1917 ஜூனில் இருவரையுமே அரசு காவலில் வைத்தது. பேடன் பவல் 1921-இல் நேரில் வந்த பிறகுதான் பெசன்ட் அம்மையாரின் சங்கத்தைத் தம் இயக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு நம் பையன்கள் ஒரு கோலப்போட்டி, ஒரு கபடிப் போட்டி நடத்துவதற்கு எத்தனை மேஜையில் எத்தனை கையெழுத்து வாங்குகிறார்கள் என்பது விழாக்குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும். மைக்குக்கு ஒரு அனுமதி, பந்தலுக்கு ஒரு அனுமதி. இரண்டு வருஷம் அலைந்தவன் மூன்றாம் வருஷம் வருவதில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் திரும்புவோம். கோட்டை விழுந்த சமயம் இந்தப் பகுதியில் ஏறக்குறைய ஒரே வயதில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார். 1799 ஜூன் 30 அன்று ஐந்து வயது நிரம்புவதற்குள் அவரை அரியணையில் உட்கார வைத்தார்கள். 1811 வரை திவான் பூர்ணய்யா ஆண்டார், பக்கத்தில் ரெசிடெண்ட் பார்த்துக்கொண்டிருந்தார். பூர்ணய்யா போனபின் ராஜா சொந்தமாக ஆண்டது இருபதே வருஷம். 1831-இல் நிர்வாகத்தைக் கும்பினி எடுத்துக்கொண்டது.

இரண்டாவது பிள்ளை சலாபத் கான். இவன் தகப்பன் தோண்டியா வாக், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலிருந்து தப்பிப் படை திரட்டி, 1800 செப்டம்பரில் ஆர்தர் வெல்லெஸ்லியோடு நடந்த சண்டையில் மாண்டவர். அவர் பாளையத்தில் மூட்டை முடிச்சுகளுக்கிடையே நாலு வயதுப் பையன் ஒருவன் கிடைத்தான். பிற்காலத்தில் நெப்போலியனை வென்ற அந்த வெல்லெஸ்லி, பையனைத் தன் கூடாரத்துக்குக் கொண்டுபோய் வளர்த்தார். ஊருக்குப் புறப்படும்போது அவன் செலவுக்குப் பணம் ஒதுக்கி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நீதிபதியாக இருந்த கர்னல் சைமன்ஸிடம் ஒப்படைத்துப் போனார். உளவாளி வைக்கவில்லை, கோட்டையில் அடைக்கவில்லை. பையன் வளர்ந்து மைசூர் மகாராஜா சேவகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். 1822-இல் காலராவில் இறந்தான். கலகக்காரன் மகன் கலகம் செய்யவில்லை. அரசுப் பணியில் இருந்த மனுஷனாகவே செத்தான்.

மூன்றாவது பிள்ளை திப்புவின் கடைசி மகன்களில் ஒருவர், குலாம் முகம்மது. 1795-இல் பிறந்தவர். நாலு வயதில் வேலூர், பன்னிரண்டு வயதுக்குள் கல்கத்தா. டாலிகஞ்சில் வாழ்ந்தார். குடும்பத்தின் உபகாரச் சம்பளத்துக்காக 1850-களில் லண்டன் வரை போய் மனுப் போட்டார். தகப்பன், பாட்டன் சரித்திரத்தைப் பதிப்பித்தார். கடைசியில் 'சர்' பட்டமும் வந்தது. 1872-இல் காலமானார். நம் அன்பர்கள் யாராவது கல்கத்தா போனால் தர்மதலாவில் அவர் 1842-இல் கட்டிய பள்ளிவாசலைப் பார்க்கலாம். டிராம் போகும் சந்தடியில், நாலு முனையிலும் கூட்டம். ஊர்க்காரர்கள் அதைத் திப்பு சுல்தான் மசூதி என்றுதான் சொல்லுகிறார்கள். கட்டிய பிள்ளையின் பெயர் கேட்டால் பலருக்குத் தெரியாது.