அகராதி எண்களின் கதை

இன்று கொஞ்சம் அகராதி வரலாறு. பதிவு நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1961-ல் ஆக்ஸ்போர்டிலிருந்து 'திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி' வெளிவந்தது. ஆசிரியர்கள் இருவர். தாமஸ் பர்ரோ ஆக்ஸ்போர்டில் சமஸ்கிருதப் பேராசிரியர். மர்ரே எமெனோ அமெரிக்காவில் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தவர். 1930-களில் நீலகிரிக்கு வந்து தோடர், கோத்தர் பேச்சைக் காதால் கேட்டு எழுதிக்கொண்டு போனவர். நம் மீன், கன்னட மீன், தெலுங்கு மீனு என்று உறவுச் சொற்களை ஒரு குடும்பமாகச் சேர்த்து, குடும்பத்துக்கு ஓர் எண் கொடுத்தார்கள். வரிசை நம் தமிழ் நெடுங்கணக்கு வரிசை. (எனக்கு இதில் ஒரு தனிப் பெருமை!)

அடுத்த ஆண்டே, 1962-ல், ரால்ஃப் டர்னரின் இந்தோ-ஆரிய மொழிகளின் ஒப்பியல் அகராதி பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியது. 14,000-க்கு மேற்பட்ட எண்கள். ஒரு வடசொல்லுக்குத் திராவிட மூலமோ தொடர்போ உண்டு என்று கருதிய இடங்களில், பர்ரோ-எமெனோ அகராதியின் எண்ணை டர்னர் குறித்தார். இரண்டு பெரிய நூல்கள் எண்களால் பேசிக்கொண்டன.

ஆனால் சொற்கள் வந்துகொண்டே இருந்தன. 1968-ல் ஒரு பிற்சேர்க்கை. 1984-ல் திருத்திய இரண்டாம் பதிப்பு, 5557 எண்களோடு. புதுக் குடும்பங்களை அகர வரிசையில் அந்தந்த இடத்தில் நுழைத்ததால் பழைய எண்கள் இடம் பெயர்ந்தன. வருகைப் பதிவேட்டில் நடுவில் நாலு பெயர் சேர்த்தால் உங்கள் வரிசை எண் என்னாகும்? அதேதான். பழைய எண்ணையே தொடர்ந்திருக்கலாமே என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் அகர வரிசை கெட்டு, தேடுவது சிரமமாகிவிடும். அவர்கள் செய்ததே சரி என்பது என் எண்ணம்.

இதில் சிக்கல் என்னவென்றால், டர்னர் நூலில் அச்சான எண்கள் 1961 பதிப்புக்கு உரியவை. அதை 1984 பதிப்பில் பார்த்தால் சம்பந்தமில்லாத வேறொரு சொல் நிற்கும். ஒரு சொல் எங்கிருந்து எங்கே போனது என்று வாதாடுபவர் தவறான சொல்லைச் சான்றாகக் காட்டிவிடலாம்.

இதை ஆசிரியர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். புதுப் பதிப்பில் ஒவ்வொரு குடும்பத்தின் முடிவிலும் அதன் பழைய எண்ணைச் சிறு குறிப்பாக அச்சிட்டார்கள். பல இடங்களில் டர்னரின் எண்ணையும் சேர்த்தார்கள். புதுப் பதிப்பில் 'மின்' 4876, 'மீன்' 4885. சிந்துவெளி எழுத்து பற்றிய ஆய்வுகளில் அஸ்கோ பர்ப்போலா காட்டும் எண்களும் இவையே.

இன்று இரண்டு அகராதிகளும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டர்னரின் பக்கத்தில் இருப்பது இன்றும் பழைய எண்தான். கணினித் துறையில் இருக்கும் என் மாணவர்கள் இவற்றை இணைக்க முயன்றால், எண்ணோடு எண்ணை அப்படியே பொருத்திவிடாதீர்கள். முடிவில் இருக்கும் அந்தச் சிறு குறிப்பைப் படித்துப் பொருத்துங்கள். இரண்டு பழைய குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்த இடங்களும் உண்டு. அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.