கூலிகளின் பிள்ளைகள்

கடற்படைக்கும் பழநி மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் 1946 பிப்ரவரியில் பம்பாயில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வாயிலிருந்து விழுந்த இரண்டு வசவுச் சொற்கள் எங்கள் மலைக்காரர்களைத் தொடாமல் போகவில்லை. ஒன்று கூலி. இன்னொன்று ஜங்கிலி.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'தல்வார்' என்பது பம்பாயில் கரைமேல் இருந்த ராயல் இந்தியக் கடற்படையின் சிக்னல் பயிற்சிப் பள்ளி. கரையில் இருக்கும் நிலையத்துக்கும் கப்பலுக்கு வைப்பதுபோல் பெயர் வைப்பது கடற்படை வழக்கம். தந்தியும் வயர்லெஸ்ஸும் படித்தவர்கள் அங்கே இருந்தார்கள். அதிகாரிகள் அல்ல, 'ரேட்டிங்' என்று சொல்லப்பட்ட கீழ்நிலை மாலுமிகள். ஆனால் பள்ளிக்கூடம் போனவர்கள், இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர்கள். 1945 டிசம்பர் 1, கடற்படை நாளன்று அந்த நிலையத்தின் சுவர்களில் வெள்ளையனே வெளியேறு என்று முழக்கங்கள் எழுதப்பட்டிருந்தன. 1946 பிப்ரவரி 2 அன்று மறுபடியும் எழுதியபோது பி.சி. தத் என்ற தந்தி மாலுமி பிடிபட்டார். பிப்ரவரி 8ஆம் தேதி நிலையத்தின் தலைமை அதிகாரி கமாண்டர் கிங், மாலுமிகளின் கொட்டடிக்குள் வந்து திட்டினார். நாய்ப் பிறப்பு என்றார். கூலிகளின் பிள்ளைகள் என்றார். ஜங்கிலிகளின் பிள்ளைகள் என்றார்.

மாலுமிகள் புகார் எழுதினார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட முடியாது. கடற்படை விதிப்படி கூட்டாகப் புகார் கொடுப்பதே குற்றம். ஆகவே தனித்தனியாக எழுதினார்கள். பிப்ரவரி 18 காலையில் சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினார்கள். சில நாட்களுக்குள் 78 கப்பல்கள், 20 கரை நிலையங்கள், ஏறத்தாழ 20,000 மாலுமிகள் என்று போராட்டம் பரவியது. எம்.எஸ். கான் தலைவராகவும் மதன் சிங் துணைத் தலைவராகவும் வேலைநிறுத்தக் குழு அமைந்தது. நல்ல சோறு, வெள்ளை மாலுமிக்குச் சமமான சம்பளம், கிங் மீது நடவடிக்கை, அரசியல் கைதிகள் விடுதலை, இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படையைத் திரும்ப அழைப்பது என்று கோரிக்கைகள் வைத்தார்கள். பிப்ரவரி 23 அன்று, பட்டேலின் அறிவுரைப்படி, சரணடைந்தார்கள்.

பிறகு கோப்புகள் பேசத் தொடங்கின. பாட்னா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி பஸல் அலி தலைமையில் விசாரணைக் கமிஷன் வந்தது. யார் எந்த உத்தரவை மீறினான், அதிகாரி எந்த வார்த்தையைச் சொன்னார், சோறு எப்படி இருந்தது என்று சாட்சியம் சாட்சியமாக எழுதி வைத்தார்கள். 476 பேர் வேலையை விட்டு அனுப்பப்பட்டார்கள். சுதந்திரம் வந்த பிறகு இந்தியாவும் அவர்களைப் படையில் திரும்பச் சேர்க்கவில்லை, பாகிஸ்தானும் சேர்க்கவில்லை. உத்தரவை மீறியவனை எந்தக் கொடியும் நம்பாது போலிருக்கிறது.

இந்த வரலாற்றை நம்முடைய இடதுசாரித் தோழர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். வீரம் நிறைந்த வரலாறுதான், அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் படிக்கும்போது ஒரு இடத்தில் எனக்குத் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. 'கூலியின் பிள்ளை' என்பது ஏன் வசவு? அந்தக் கோபத்தில் இனவெறிக்கு எதிரான கோபம் இருக்கிறது, சரி. நான் கூலி வீட்டுப் பிள்ளை இல்லை, படித்த குடும்பத்துப் பிள்ளை என்ற கோபமும் அதிலே ஒளிந்திருக்கவில்லையா? நிஜமாகவே கூலியின் பிள்ளையாகப் பிறந்தவன் அந்தக் கொட்டடியில் நின்றிருந்தால் எதை மறுத்திருப்பான்?

நான் அப்படிப் பிறந்தவன். என் தாத்தாவும் அவருக்கு அப்பாவும் பெரியகுளம் பக்கத்திலிருந்து கோடைக்கானலுக்குச் சுமை தூக்கியவர்கள். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கோடையில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். மோட்டார் போகும் மலைச்சாலை 1914ஆம் ஆண்டுவாக்கில்தான் முடிந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ எழுபது வருஷம் துரையும் துரைசாணியும் எப்படி மேலே போனார்கள்? குதிரை வைத்திருந்தவர் குதிரையில் போனார். மற்றவர்கள் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வரைக்கும் செங்குத்தான பாதையில் மனிதத் தோளில் போனார்கள். நாற்காலியோடும் டோலியோடும் தூக்கிப் போனார்கள். பியானோவும் கட்டிலும் கண்ணாடிச் சாமானும் அதே வழிதான்.

கோடை வான்ஆய்வுக்கூடம் 1899இல் அங்கே அமைந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதை எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதற்கு அவர் பெயர். 1909 என்றால் மோட்டார் சாலைக்கு முன்னால். அங்கே போய்ச் சேர்ந்த கனமான சாமான் எல்லாம் மாட்டு முதுகிலும் மனித முதுகிலும் ஏறியவைதான்.

எங்க தாத்தா சொல்லுவாரு: "கருக்கல்ல ஏற ஆரம்பிச்சா வெயில் சாயறப்பதான் மேல போயி எறக்குவோம். மழை பேஞ்சா தொரசாணிக்குக் கொடை, நமக்குச் சும்மாடு." கூலி எவ்வளவு தாத்தா என்று கேட்டால் சிரிப்பார். "மேஸ்திரி கையில வாங்கறதுக்கு என்னப்பா கணக்கு."

அந்தப் பாதைக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர் 'கூலி காட்'. பிறகு வந்த மோட்டார் சாலைக்கு மேஜர் லா பெயரை வைத்து 'லாஸ் காட்' என்றான். மலை ஓரத்து நடைபாதைக்கு கோக்கர் பெயர். போட்டவனுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. எழுபது வருஷம் ஏறி இறங்கிய ஆயிரக்கணக்கான பேருக்குச் சேர்த்து ஒரே பெயர்தான்: கூலி. அது எங்கள் சொல். திருக்குறளிலேயே இருக்கிறது, அங்கே அது உழைப்புக்குக் கிடைக்கும் பயன். இங்கிலீஷ்காரன் அந்தச் சொல்லைக் குஜராத்துக் கோலி இனத்தாரிடமிருந்து எடுத்தானா, தமிழிலிருந்து எடுத்தானா என்று அகராதிக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எங்கிருந்து எடுத்தாலும் வேலைக்குக் கொடுக்கும் பணத்தின் பெயரை வேலை செய்கிற மனுஷனுக்கே பெயராக்கி, கடைசியில் அதை வசவாகவும் ஆக்கிவிட்டான்.

இரண்டாவது சொல் ஜங்கிலி. பழநி மலையில் பளியர் இருக்கிறார்கள், மலைப் புலையர் இருக்கிறார்கள். புலையர்கள் குன்னுவ நிலக்காரர்களிடம் அடிமைபோல் கட்டுண்டு கிடந்ததை வெள்ளைக்காரர்கள் தொகுத்த மதுரை மாவட்ட நூல்களே எழுதியிருக்கின்றன. 1843இலேயே அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை என்று அறிவித்தாயிற்று. மலைக்கு அந்தச் செய்தி வந்து சேர எத்தனை தலைமுறை ஆனது என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். காட்டை அறிந்தவன் என்பது வசவானதும் இப்படித்தான்.

இனி கப்பலுக்குள்ளேயே பார்ப்போம். வெள்ளையன்-இந்தியன் என்ற ஒரே கோடுதான் அங்கே இருந்ததா? ராயல் இந்தியக் கடற்படையில் 'தோப்பாஸ்' என்று ஒரு பிரிவு உண்டு. போர்ச்சுக்கீசியர் காலத்தில் கலப்பினக் கிறிஸ்தவர்களைக் குறித்த சொல். துபாஷி என்பதிலிருந்து வந்தது என்பார்கள், தொப்பியிலிருந்து என்பார்கள். பிற்காலத்தில் கப்பலில் கக்கூஸ் கழுவுகிறவனுக்கு அது பெயராகிவிட்டது. கரையில் தோட்டி, கப்பலில் தோப்பாஸ். கோடைக்கானல் பங்களாக்களில் துரைமார் மலம் இருந்த வாளியைப் பின்வாசல் வழியாக எடுத்தவனும் கப்பலில் தோப்பாஸாக ஏறியவனும் ஒரே சேரிக்காரர்களாக இருந்ததில் ஆச்சரியம் என்ன? சுதந்திர இந்தியக் கடற்படையிலும் அந்தப் பிரிவு தொடர்ந்தது. பிறகு பெயரை மட்டும் 'ஹைஜீனிஸ்ட்' என்று மாற்றினார்கள். கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் வேலை என்று ஆள்சேர்ப்பு விளம்பரத்திலேயே போட்டார்கள். கூலியின் பிள்ளை என்றதும் கொதித்தவர்கள் தோப்பாஸ் என்று கூப்பிடும்போது கொதித்தார்களா? இது மாலுமிகள் மீதான குற்றச்சாட்டு இல்லை. அவமானத்திலும் படிநிலை வைத்திருக்கிற சாதிச் சமூகத்தைப் பற்றிய கேள்வி.

இதற்கு ஒரு பதிலும் அந்த வாரத்திலேயே கிடைத்தது. அதைத்தான் நாம் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். பிப்ரவரி 22 அன்று மாலுமிகளுக்கு ஆதரவாகப் பம்பாயில் பொது வேலைநிறுத்தம். அழைத்தது கம்யூனிஸ்ட் கட்சி; காங்கிரஸ், முஸ்லிம் லீக் தலைவர்களின் ஆதரவு இல்லை. வந்தது யார்? மில் தொழிலாளிகள். துப்பாக்கிச் சூட்டில் செத்தது 200க்கும் மேற்பட்டோர். நிஜமான கூலிகள்! இந்த மில்களில்தான் தலித் தொழிலாளிகளை நெசவுப் பிரிவில் விடமாட்டார்கள். அங்கே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் பட்டால் தீட்டு. நல்ல கூலியும் அங்கேதான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்துக் கேட்டார். அப்படி ஒதுக்கப்பட்டவர்களும் சேர்ந்திருந்த தொழிலாளி வர்க்கம், தங்கள் பெயரை வசவாக நினைத்துக் கொதித்த பையன்களுக்காகத் தெருவில் இறங்கிக் குண்டு வாங்கியது. இந்தப் பெருந்தன்மைக்கு எந்தக் கமிஷனும் அறிக்கை எழுதவில்லை.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? கடற்படைக்கு 1934ஆம் ஆண்டு ஒழுங்குச் சட்டம் இருந்தது. அதை மீறியவனுக்குப் பெயர், எண், ஊர், குற்றம், தண்டனை என்று ஒரு கோப்பு உண்டு. தத்தும் கானும் மதன் சிங்கும் நமக்குக் கிடைத்ததே அப்படித்தான். பணிந்து போனவன் சம்பளப் பட்டியலில் ஒரு வரி.

கூலிக்கும் ஓர் ஒழுங்குச் சட்டம் இருந்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம். முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தி, மூன்று மாதம்வரை சிறையில் போடலாம். தென்னிந்தியத் தோட்டங்களில் முதலாளிகளின் கையில் அதுதான் சாட்டை. 1920களின் நடுவில்தான் அது ஒழிந்தது. அதன்படி நடந்த வழக்குகளில் ஓடிப்போனவனுக்குப் பெயர் இருக்கும், தகப்பன் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், சாதிகூட இருக்கும். துரைசாணியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த என் தாத்தாவுக்குக் கோப்பு இல்லை. நாற்காலியை வழியில் இறக்கி வைத்துவிட்டு ஓடியிருந்தால் ஒருவேளை இருந்திருக்கும்.

ஆளுகிறவன் நம்மை நினைவில் வைத்துக்கொண்டது நாம் மீறிய நேரத்தில்தான். அப்படியானால் தண்டனைப் பதிவேடுதான் நம்முடைய வம்சாவளி. மாணவத் தோழர்கள் மதுரை, திண்டுக்கல் பதிவறைகளுக்கும், எழும்பூர் ஆவணக்காப்பகத்துக்கும் போக வேண்டும். கலெக்டர்களின் குறிப்புகளைப் படித்தது போதும். பழைய மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுத் தீர்ப்புகளை, தோட்டக்காரர்களின் புகார் மனுக்களை, வேலைக்கு வராதவர்களின் பட்டியல்களைத் தேடுங்கள். பணிந்து போனவர்களுக்குக் காகிதம் கிடைக்காது. அதற்கு இன்னும் உயிரோடிருக்கிற கிழவன் கிழவிகளிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும், அவர்கள் சொல்கிற பேச்சிலேயே எழுத வேண்டும். பழநி மலையில் கேட்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கூலிகளின் பிள்ளைகள் என்று கிங் சொன்னதை மாலுமிகள் மறுத்தார்கள். அது அவர்கள் போராட்டம். நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆமாம், கூலிகளின் பிள்ளைகள்தான். எங்கள் கூலிக் கணக்கு இன்னும் தீரவில்லை.