வடமுனை மக்களும் நோயெதிர்ப்பின் வரலாறும்

மனித உடல் வாழ்விடத்துக்கேற்பத் தன்னை இசைவாக்கிக் கொள்ளும் இயல்பினது. கிறீன்லாந்தின் இனுயிற் மக்களிடையே நிகழ்த்தப்பெற்று 2015இல் வெளியான ஆய்வொன்று, சீல், திமிங்கிலம் முதலியவற்றின் கொழுப்பு மிகுந்த உணவுக்கு ஏற்ற விகாரங்கள் அம்மக்களின் பரம்பரையலகுகளில் நிலைபெற்றுள்ளமையை எடுத்துக்காட்டியது. இத்தகைய மாற்றம் பல நூறு தலைமுறைகளின் விளைவாகும். ஆயினும், கடுங்குளிரை வென்ற அதே மக்கள், அந்நியரின் கப்பல்கள் கொணர்ந்த நோய்களின் முன் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். இதனை நோக்கிய ஐரோப்பியர் பலர், அவர்கள் பிறப்பிலேயே பலவீனமான இனத்தவர் என முடிவு செய்தனர். அம்முடிவு பொருந்துமா என ஆராய்தல் அவசியமாகும்.

1918ஆம் ஆண்டின் இறுதியில், லபிறடோர்க் கரையிலுள்ள ஒக்காக் குடியிருப்புக்குக் கிறித்தவ மிசனரிமாரின் கப்பலொன்று வந்து சென்றது. அதனைத் தொடர்ந்து பரவிய இன்புளுவென்சாவினால், ஏறத்தாழ 260 பேர் வாழ்ந்த அவ்வூரில் 200க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு நவம்பரில், அலாஸ்காவின் பிறெவிக் மிசன் என்னும் சிற்றூரில், 80 பேரில் 72 பேர் ஐந்து நாட்களுள் மாண்டனர். அனைவரும் ஒருங்கே நோயுற்றமையால் அடுப்பு மூட்டவோ நீர் கொணரவோ எவருமிலர். நோயுடன் குளிரும் பசியும் சேர்ந்தே உயிர்களைக் கவர்ந்தன.

இவ்வழிவுக்கு இனமே காரணம் என்பாருக்கு, அதற்கும் முற்பட்ட நிகழ்ச்சியொன்று மறுமொழி தருகின்றது. வட அத்திலாந்திக்கிலுள்ள பரோயித் தீவுகளில் வாழ்வோர் ஐரோப்பிய வழித்தோன்றல்கள். 1846இல் அங்கு சின்னமுத்து பரவியபோது, ஏறத்தாழ 7,800 பேருள் 6,000 பேர் வரை நோயுற்றனர். டென்மார்க்கு அரசு அனுப்பிய இளம் வைத்தியரான பீற்றர் லுட்விக் பானும் ஊர்ஊராகச் சென்று விசாரித்தார். அத்தீவுகளில் அந்நோய் முன்னர் பரவியது 1781இல். அவ்வாண்டில் நோயுற்றுத் தப்பிய முதியோருள் ஒருவரேனும் 65 ஆண்டுகளின் பின் மீண்டும் நோயுறவில்லை. அன்று தப்பியிருந்த முதியோரோ இப்போது நோய்க்குள்ளாயினர். ஒரே இனம், ஒரே காலநிலை, ஒரே உணவு. வேறுபட்டது நோயை முன்னர் சந்தித்த அனுபவம் ஒன்றே. நிர்ப்பீடனம் என்பது உடலின் நினைவாற்றல் எனலாம். சிறுகுடிகளாகச் சிதறி வாழும் மக்களிடையே சின்னமுத்து போன்ற நோய் நிலைத்திருக்க இயலாது. ஆகவே அந்நினைவைப் பெறும் வாய்ப்பும் அவர்களுக்கு அரிதாயிற்று.

1951இல் தென் கிறீன்லாந்தில் முதன்முறையாகச் சின்னமுத்து பரவியது. நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். தப்பியோர் விரல்விட்டு எண்ணத்தக்கோரே. எனினும், வைத்தியரும் பெனிசிலினும் இருந்தமையால் மரணம் நூற்றுக்கு இரண்டளவில் நின்றது. ஒக்காக்கைத் தாக்கியது வேறொரு நோயாதலின் இவ்விரண்டையும் நேராக ஒப்பிடல் தகாது. ஆயினும், தொற்றுதலை நிர்ப்பீடனமின்மையும் இறத்தலைப் பராமரிப்பின்மையும் பெரிதும் தீர்மானித்தன என்னும் உண்மை இதனால் விளங்குகின்றது.

சயரோகத்தின் வரலாறும் இதனையே வலியுறுத்துகின்றது. நெருக்கமான வீடுகளும் வறுமையும் அந்நோயை வளர்த்தன. 1950களின் நடுப்பகுதியில் கனடாவின் இனுயிற் மக்களுள் ஏறத்தாழ ஏழிலொருவர் தெற்கிலுள்ள வைத்தியசாலைகளில் இருந்தனர். உறவினரிடம் விடைபெறவும் இயலாது கப்பலேற்றப்பட்டோர் பலர்; தம் மண்ணுக்கு மீளாது, உறவினர் அறியாத புதைகுழிகளில் அடங்கினோரும் உளர். இதற்காகக் கனடிய அரசு 2019இல் மன்னிப்புக் கோரியது.

பரம்பரையலகுகளுக்கு நோயெதிர்ப்பில் பங்கே இல்லையென்பது இதன் கருத்தன்று. கொழுப்பைச் சத்தியாக மாற்றும் தொழிலுடன் தொடர்புடைய விகாரமொன்று வடமுனை மக்களிடையே பெருவழக்காக உள்ளது. குழந்தைப் பருவத் தொற்றுநோய்களுக்கும் அதற்கும் தொடர்புண்டு எனக் கருதப்படுகின்றது. ஆயினும் பரம்பரையலகு மாறத் தலைமுறைகள் வேண்டும். கப்பலொன்று நோயைக் கொணர ஒரு நாள் போதும். அவ்விடைவெளியில் மாண்டோரை ‘பலவீனமான இனம்’ என்றுரைத்தல், வணிகமும் ஆட்சியும் விளைத்த கேட்டினை இறந்தோரின் குருதியிலேயே சுமத்துவதாகும்.