ஊர்ப்பெயரின் எழுத்தெண்ணிக்கை: பகுத்த ஆவணம் கைமாறிய வரலாறு

தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயரில் எழுத்துகள் எத்தனை? தமிழ்ப்பள்ளியில் முதலாண்டு பயிலும் பிள்ளை விரல்விட்டு எண்ணிப் பத்து என்று கூறும். அதே பெயரைக் கணினியிடம் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் மொழி இடைவெளியையும் சேர்த்து 19 என்னும். லுவா மொழி 55 என்னும். மூன்றும் தத்தம் கணக்கில் சரியான விடைகளே. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிய, ஒரு நிரல் தான் பகுத்த ஆவணத்தை மற்றொன்றிடம் ஒப்படைக்கும் முறை எவ்வாறு உருவாயிற்று என்பதை நோக்குதல் வேண்டும்.

பெருநிரல் ஒன்று தன்னுள்ளே சிறுநிரல்களை இயக்குவதுண்டு. முன்னதைத் தாய்நிரல் என்றும் பின்னதை உள்நிரல் என்றும் ஈண்டு வழங்குவோம். தாய்நிரலைக் குலைத்துக் கட்டாமலே அதன் செயலை மாற்றிக்கொள்ள உள்நிரல் உதவும். 1993இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மூவர் படைத்த லுவா இதற்கென்றே பிறந்தது. 1995இல் நெட்ஸ்கேப் உலாவிக்குள் குடிபுகுந்த ஜாவாஸ்கிரிப்டும் இவ்வினத்ததே.

1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் 1.0 வெளிவந்தது. அதனை வகுத்த குழுவின் தொழில்நுட்பத் தலைவர் ஜேம்ஸ் கிளார்க், நமது வடக்கு எல்லைக்கு அப்பாலுள்ள தாய்லாந்தில் வாழ்ந்தவர் என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அவர் எழுதிய எக்ஸ்பாட் என்னும் பகுப்பி ஆவணத்தை முழுமையாக ஏந்தி நிற்பதில்லை. குறிச்சொல் தொடங்கிற்று, உரை வந்தது, குறிச்சொல் முடிந்தது என நிகழ்ச்சி நிகழ்ச்சியாக அறிவித்துச் செல்லும். அவ்வாண்டு அக்டோபரில் வந்த டாம் என்னும் தரமோ, ஆவணம் முழுவதையும் கிளைகளோடு கூடிய மரமாக்கி உள்நிரலின் கையில் தந்தது.

கைமாற்றத்தில்தான் இடர்ப்பாடு. கிந்தா மாவட்டத்து ஊர்களின் பட்டியலை எக்ஸ்எம்எல்லில் அமைப்பதாகக் கொள்வோம். குறிச்சொல்லையே தமிழில் ‘ஊர்’ என்று இடலாம். விதி அதற்கு இடந்தருகிறது. தாய்நிரல் அதனைப் பகுத்தபின் இரண்டு வழிகள் உள. மரத்தை உள்நிரலின் மொழிக்கேற்றபடி படியெடுத்துத் தருவது ஒன்று. மரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அதனைச் சுட்டும் பிடியை மட்டும் தருவது மற்றொன்று. படியெடுத்தால் நினைவகம் இருமடங்காகும். பிடியைத் தந்தாலோ, தாய்நிரல் மரத்தை அழித்த பின்னரும் உள்நிரல் அப்பிடியைப் பற்றிக்கொண்டிருக்கக்கூடும். வீடு இடிந்தபின் சாவியை வைத்திருப்பவன் நிலை அது. லுவாவுக்கும் எக்ஸ்பாட்டுக்கும் பாலமாக எழுந்த லுவாஎக்ஸ்பாட், நிகழ்ச்சிகளைக் கேட்கும் வழியோடு படியெடுக்கும் வழியையும் தருகிறது. அதில் ஒவ்வோர் உறுப்பும் ஓர் அட்டவணையாகும். குறிச்சொல்லும் பண்புகளும் பெயரிட்ட அறைகளில் அமரும், உரையும் உட்கிளைகளும் 1, 2 என எண்ணிட்ட அறைகளில் வரிசை பிறழாது அமரும். எளிய ஏற்பாடு; எமக்கு உவப்பானதும் இதுவே.

மற்றொன்றும் உண்டு. நிறுவனப் பெயர்களில் வரும் ‘&’ குறியை ஆவணத்தில் மாற்றுருவில் எழுதவேண்டும். பகுப்பி அதனை மீட்டுத் தந்துவிடும். உள்நிரல் மீண்டும் மீட்க முற்படின் பெயர் கெடும்.

எனினும் இக்கைமாற்றத்தின் வழியே செல்லும் உரையின் அலகு யாது என்பதை முடிவு செய்தோர் தமிழர் அல்லர். டாம் 16 இருமக் கூறுகளாக எண்ணிற்று; லுவா பைட்டுகளாக எண்ணிற்று. 2015இல் வந்த லுவா 5.3 பதிப்பின் புதிய நூலகமும் குறியீட்டெண்களைத்தான் எண்ணுகிறது. அதன் விடையும் 19 தான். ‘தஞ்சோங்’ என்பதில் ‘சோ’ ஓரெழுத்து. யூனிகோடில் அது சகரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு. ஓகாரக் குறியையே இரட்டைக்கொம்பு, கால் என்று பிரித்தெழுதினால் மூன்று. திரையில் வேறுபாடு தெரியாது. உள்நிரல் ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு ஊர்களாகிவிடும்.

மெய் முன்னும் உயிர் பின்னுமாக உயிர்மெய் ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. அச்சிட்ட வடிவைப் பின்பற்றிய தஸ்கி குறியேற்றம் கொம்பை முன்னே வைத்தது. யூனிகோடு சகரத்தை முன்னே வைத்தது. இவ்வகையில் யூனிகோடே தொல்காப்பியத்துக்கு அணுக்கமானது. ஆயின், 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தை அடியொற்றியதால், அகரமேறிய மெய்யை முதலாகவும் புள்ளியைச் சேர்க்கையாகவும் கொண்டுவிட்டது. மெய்யெழுத்தே அடிப்படை என்னும் நம் மரபுக்கு இது தலைகீழ். 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோது குறியேற்ற வழக்கு சூடாகவே இருந்தது. உள்நிரல் எதனை எழுத்தென எண்ணவேண்டும் என்ற வினாவோ இன்றளவும் நிரலர் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது.

ஊர்ப்பெயர்ப் பட்டியல் தொகுப்போர்க்கு எம் பரிந்துரை இது. பகுத்த உரையைக் கைமாற்றும் முன்பே தாய்நிரல் அதனை யூனிகோடின் ஒருங்குவடிவத்துக்குக் கொணர்தல் வேண்டும்; எக்ஸ்எம்எல் 1.0 விதி அதனைக் கட்டாயமாக்கவில்லை. எழுத்தெண்ணும் செயலையும் தாய்நிரலே செய்து, உள்நிரல் அதனைக் கேட்டுப் பெறுமாறு அமைத்தல் நன்று. 1972ஆம் ஆண்டின் மலாய் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் மலாய் எழுத்து ‘தஞ்சுங்’ என்று மாறியது. நாம் ‘தஞ்சோங்’ என்றே எழுதிவருகிறோம். இவ்விரு வடிவங்களையும் எந்த ஒருங்குவடிவமும் ஒன்றாக்காது. ஆகவே ஒவ்வோர் ‘ஊர்’ உறுப்புக்கும் மாறா அடையாள எண் ஒன்றைப் பண்பாக இடுதல் வேண்டும். உள்நிரல் ஊரைத் தேடுவது அவ்வெண்ணைக் கொண்டே ஆகட்டும்.