மசகெண்ணெயும் கிணற்று எஞ்சினும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஒரு காலத்தில் ஜமீன் தலைநகராகவும் பின்னர் சங்கரன்கோவில் தாலுகாவைச் சேர்ந்த ஊராகவும் விளங்கிய சிவகிரியின் விவசாய சரித்திரத்தை எழுதப் புகுவோர், ஜமீன்தார்களையும் குளங்களையும் பற்றிச் சொல்லி முடித்த பிறகாவது, கிணற்று மேட்டில் எஞ்சினைப் பிரித்துப் போட்டு எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்த ஃபிட்டரைப் பற்றிச் சில வரிகள் எழுத வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எஞ்சின் வருமுன்பே மசகு இந்நாட்டில் இருந்தது. மாட்டு வண்டியின் இரும்பு அச்சு குடத்தினுள் உராய்ந்து தேயாமலிருக்க, வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த மையை, கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தை விலக்கித் தடவுவதும், வழிச்செலவுக்கென்று அந்த மையை மூங்கிற் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிடுவதும் வண்டிக்காரரின் நெடுநாளைய சம்பிரதாயம். பருத்திக் காட்டின் ஓரங்களில் ஆமணக்கு விதைத்த கரிசல் நாட்டாருக்கு அவ்வெண்ணெய் அரிதானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய ரயில்களின் சக்கரங்களுக்கும் அதுவே உதவிற்று. 1914-இல் மூண்ட மகாயுத்தத்தில், சிலிண்டர்களே சுழலும் விமான எஞ்சின்கள் அதைக் குடித்தே பறந்தன. 1909-இல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்ட் கம்பெனி வெளியிட்ட ‘காஸ்ட்ரால்’ எண்ணெயிலும் ஆமணக்கின் சாரம் கலந்திருந்தது. உலோகத்தை விடாமல் பற்றும் அதன் குணமே அப்பெருமைக்குக் காரணம்; நாளடைவில் பிசினாக இறுகும் குறையினால்தான் மண்ணெண்ணெய் வர்க்கத்தைச் சேர்ந்த கனிம எண்ணெய்களுக்கு அது இடம்விட்டது.

மசகு அச்சை எவ்வாறு காக்கிறது என்பதை ஒரு சோதனை காட்டிற்று. 1883-இல் பீச்சம் டவர் என்ற ஆங்கில எஞ்சினியர், ரயில் அச்சைத் தாங்கும் பேரிங்கின் உச்சியில் எண்ணெய் விடத் துவாரமிட, அச்சு சுழலத் தொடங்கியதும் எண்ணெய் உள்ளே செல்வதற்குப் பதிலாக மேலே பொங்கிற்று. தக்கையால் அடைத்தார், பிறகு மரமுளையால் அடைத்தார், இரண்டும் பிதுங்கி வெளியேறின. சுழலும் அச்சே எண்ணெயைத் தனக்கும் பேரிங்குக்கும் இடையில் இழுத்து, அதன் அழுத்தத்தில் மிதக்கிறது என்பதை 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கணித பூர்வமாக நிரூபித்தார். இதிலிருந்தே, சுழற்சி நின்ற அச்சுக்கு அந்த மிதப்பு கிடையாது என்பதும், எஞ்சின் புறப்படும் முதற்கணமே அதற்கு ஆபத்தான கணம் என்பதும் விளங்கும்.

அத்தகைய எஞ்சின் நம் கிணறுகளுக்கும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை ராஜதானியில் ஆயில் எஞ்சினால் நீரிறைக்கும் முறையைப் பரப்பினார். பிறகு ரஸ்டன், பெட்டர், லிஸ்டர் என்ற சீமை எஞ்சின்களும், 1946-இல் பூனாவில் தோன்றிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் போன்ற சுதேசத் தயாரிப்புகளும் வந்தன. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கிய போதிலும், மின்கம்பி எட்டாத கிணறுகளில் மாடு பூட்டி நீரிறைத்த கமலைக்குப் பின் எஞ்சினே தஞ்சமாக இருந்தது.

அதைப் பிரித்துப் பூட்டும் வேலையை அருகிருந்து பார்க்க வேண்டும். சாக்கின் மேல் பரப்பிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, உள்ளங்கையில் புது எண்ணெயை வார்த்துக்கொண்டு, பிஸ்டனின் ரிங்குகளை அவற்றின் வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் அமையாதபடி திருப்பிவிட்டு, ரிங் ரிங்காகவும் லைனரின் சுவர் முழுவதிலும் விரலால் பூசுவார் ஃபிட்டர். கிராங்கின் கழுத்தில் எண்ணெய் ததும்பிய பிறகே பேரிங் மூடியை இறுக்குவார். கரண்டி போன்ற உறுப்பு எண்ணெயை வாரி வீசி நனைக்கும் எஞ்சினில், சக்கரம் சுற்றினாலன்றி மேலே ஒரு துளியும் ஏறாது. ஆகவே அழுத்தம் விடும் நெம்புகோலைத் தூக்கிவைத்து, கைப்பிடியால் பலமுறை சுற்றி, சுற்று வழுவழுவென்று வருவதைக் கையால் உணர்ந்தபின் நெம்புகோலை விழவிடுவார். ரெனால்ட்ஸின் சமன்பாட்டை அறியாதவர், அதன் பலனைப் பிரத்தியட்சமாக அறிந்தவர் அவர்; அவசரக்காரர் இதைச் செய்யாமல் விட்டதனால் வெள்ளை உலோகம் உருகிப் பேரிங் இறுகி, நீரின்றிப் பயிர் வாடியதும் உண்டு.

வண்டி மை குழைத்தவர்களிலும் ஆயில் எஞ்சின் பூட்டியவர்களிலும் இன்று எஞ்சியிருப்போர் முதியவர்களே. சிவகிரி வட்டார இளைஞர்கள் அவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் கைமுறைகளை அவர்கள் சொற்களிலேயே இப்போதே எழுதிவைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.